உள்ளத்தை அளக்கப் புகுந்தவர்

தேர்வுக் காலம் வந்துவிட்டால் நம் காலனியின் வீடுகளில் இரவு நெடுநேரம் விளக்கு எரியும். ஒரு வீட்டில் பையன் தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படிப்பான். அடுத்த வீட்டில் பெண் வாய் திறவாமல் புத்தகத்தையே உற்று நோக்கிக்கொண்டிருப்பாள். உரக்கப் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பார் ஒரு தாயார். கண்ணால் பார்த்துப் பதித்துக்கொண்டால் போதும் என்பார் மற்றொருவர். எழுதிப் பாராத படிப்பு படிப்பே அன்று என்பார் வீட்டுப் பெரியவர். ஒருவர் கூற்றை மற்றவர் ஒப்புவதில்லை. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தை வைத்தே பிறர் உள்ளத்தையும் அளக்கின்றனர். வேறு அளவுகோல் அவர்களிடம் இல்லை.

இவ்வாறே தம் எண்ணத்தைக் கொண்டு பிறர் உள்ளத்தை அளந்து, தவறுற்று, அத்தவற்றை வெளிப்படையாக உணர்ந்து, பிறகு கேட்டும் பார்த்தும் சோதித்துமே எதனையும் நம்புவது என்று வாழ்ந்த ஓர் அறிஞரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்புகிறோம். அவர் பிரெஞ்சு நாட்டு ஆல்பிரட் பினே. ஆசிரியப் பயிற்சி பெற்ற நம் அன்பர்கள் அப்பெயரை அறிவுத்திறன் சோதனையோடு சேர்த்துக் கேட்டிருப்பர். அச்சோதனை அவருடைய வாழ்வின் கடைசி ஏழாண்டுகளின் வேலை. அதற்கு முன் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் செய்ததைப் பலர் அறியார். அதனை அறிந்தாலன்றிச் சோதனையின் பொருளும் நன்கு விளங்காது என்பது எம் எண்ணம்.

பினே 1857-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நீஸ் நகரில் பிறந்தார். அந்நகர் அப்போது சார்டினிய அரசுக்கு உட்பட்டிருந்தது. மூன்றாண்டு கழித்தே பிரான்சுடன் சேர்ந்தது. தந்தை மருத்துவர், தாய் ஓவியம் தீட்டுபவர். ஒரே மகன். மகனின் கூச்சத்தைப் போக்க எண்ணிய தந்தை, சிறுவனைப் பிணம் ஒன்றைத் தொடச் செய்தார் என்றும், அந்த அச்சம் அவரை விட்டு நெடுங்காலம் நீங்கவில்லை என்றும் சொல்வதுண்டு. பெற்றோர் பிரிந்தபின் தாயே அவரை வளர்த்துப் பாரிசு மாநகருக்கு அழைத்துச் சென்று, லூயி லெ கிரான் என்னும் புகழ் பெற்ற பள்ளியில் படிக்க வைத்தார். 1878-இல் சட்டப் படிப்பு முடிந்தது. ஆனால் வழக்குமன்றம் அவரை இழுக்கவில்லை. மருத்துவம் தொடங்கினார், அதனையும் விட்டார். பின்னர்ப் பாரிசின் தேசிய நூலகத்தில் போய் அமர்ந்து உளநூல்களைப் படிக்கத் தொடங்கினார். அதற்கென ஆசிரியர் எவரும் அவருக்கு இல்லை. அந்நாளில் தேடிப் படித்தவரே ஆசிரியர். செல்வ நிலையும் இடங்கொடுத்தது.

தாமாகப் படிப்பவர்க்கு நேரும் இடர் அவருக்கும் நேர்ந்தது. 1880-இல் தோலின் தொடுவுணர்ச்சி பற்றி அவர் எழுதிய முதற்கட்டுரை அச்சேறியது. பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரப் பேராசிரியர் டெல்பேஃப் என்பார், அப்பொருளில் தாம் முன்னரே ஆய்ந்து எழுதியிருப்பதையும், இளைஞரின் பிழைகளையும் எடுத்துக்காட்டினார். இந்த டெல்பேஃப் மீண்டும் ஒருமுறை பினேயின் வாழ்வில் குறுக்கிடுவார். அப்போதைய அடி இதனினும் வலியது.

நூலகத்தில் பினே கற்ற கொள்கை ஒன்று இவ்வரலாற்றுக்கு இன்றியமையாதது. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் பிரெஞ்சு அறிஞர் டெய்னும் வகுத்த வழியில், எண்ணம் என்பதே மனப்படங்களின் கோவை என அவர் நம்பினார். மாம்பழம் என்று நினைத்தால் மாம்பழத்தின் நிறமும் வடிவும் மணமும் மங்கலாக உள்ளே எழுகின்றன அல்லவா? அத்தகைய படங்கள் ஒன்றோடொன்று இணைவதே சிந்தனை என்பது அக்கொள்கை. 1886-இல் அறிவாராய்ச்சி முறை பற்றி ஒரு நூல் எழுதி, நாம் காரணங்காட்டி ஆராய்வதும் படங்களின் சேர்க்கையே என நிறுவ முயன்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. நூலில் ஐயம் மிகக் குறைவு.

அதே ஆண்டுகளில் அவர் பாரிசின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில், நரம்பு மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற சார்க்கோவின் கீழ் 1883 முதல் பணிசெய்து வந்தார். ஊதியம் இல்லாத பணி. அங்கே இசிவு நோயுற்ற பெண்களை அறிதுயிலில் ஆழ்த்தி ஆராய்வது வழக்கம். பினேயும் ஃபெரே என்னும் மருத்துவரும் வியப்பான ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். நோயாளியின் அருகே காந்தத்தை வைத்தால் ஒரு கையில் இருந்த மரப்பு மறு கைக்கு மாறுகிறது. உணர்ச்சியும்கூட எதிர் உணர்ச்சியாக மாறுகிறது என்றனர். டெல்பேஃப் இதனை நேரிற்காணப் பாரிசு வந்தார். அவர் கண்டது வேறு. காந்தம் பெரிது, நோயாளியின் கண்ணெதிரே எடுத்து வைக்கப்பட்டது, என்ன நிகழும் என்று அவர் காதுபடவே ஆராய்வோர் பேசிக்கொண்டனர். எதிர்பார்த்ததை நோயாளி நடத்திக் காட்டினார். காந்தத்திற்கு அதில் பங்கே இல்லை. டெல்பேஃப் இதை எழுதி வெளியிட்டார்.

பினே முதலில் வாதாடினார், கடுமையாகவே வாதாடினார். ஆனால் சில ஆண்டுகளில் வாதம் அடங்கியது. தவறு தம்முடையதே என்பதை அச்சிலேயே ஒப்பினார். 1890-இல் சல்பெத்ரியேரை விட்டு விலகினார். புகழ் பெற்ற ஆசிரியர், பெரிய மருத்துவமனை, இரண்டும் இருந்தும், கேட்பவரின் விருப்பம் பதில் சொல்பவரின் உள்ளத்தில் நுழைந்துவிடும் என்னும் எளிய உண்மையை அவர் காணத் தவறினார். பின்னர் அவர் செய்த ஒவ்வோர் ஆய்விலும் இந்த வடு இருக்கக் காண்கிறோம்.

அந்த ஓய்வில் அவருக்கு ஆய்வுக்கூடம் வீடே. 1884-இல் அவர் கருவியல் அறிஞர் பல்பியானியின் மகள் லோரை மணந்திருந்தார். 1885-இல் மதலேனும் 1887-இல் அலீசும் பிறந்தனர். தந்தை குறிப்பேட்டுடன் அவர்களைப் பின்தொடர்ந்தார். ஒரு குழந்தை நடக்கப் பழகும்போது ஒவ்வோர் அடிக்கும் கைப்பிடி தேடி, கவனம் முழுவதும் காலில் வைத்து நடந்தது; மற்றொன்று எங்கே போகிறோம் என்று பாராமல் ஓடி விழுந்தது. இயல்பு இவ்வளவு இளமையிலேயே வேறுபடுவதை 1890-இல் சிறு கட்டுரைகளாக எழுதினார். பெரிய கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு கணத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்துகொண்டிருந்த அன்றைய உளநூலாருக்கு இவை விளையாட்டாகத் தோன்றியிருக்கும்.

1891-இல் ரூவான் நகரப் புகைவண்டி நிலையத்தில் ஒரு சந்திப்பு. சோர்போன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டிருந்த உளநூல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் போனி என்பாரைப் பினே அங்கே கண்டு, சம்பளமின்றி அவரிடம் பணிசெய்ய விரும்புவதாகத் தெரிவித்தார். போனி இசைந்தார். 1894-இல் அவர் ஓய்வு பெற, பினே கூடத்தின் தலைவரானார். இறக்கும்வரை அப்பதவி அவருடையதே. அதே ஆண்டில் பூச்சிகளின் நரம்பமைப்பு பற்றிய ஆய்வுக்கு அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். பிரான்சின் முதல் உளநூல் ஆண்டிதழையும் போனியோடு தொடங்கினார். இத்துணை இருந்தும் பாரிசில் பேராசிரியர் இருக்கை ஒன்று அவருக்குக் கிட்டவேயில்லை. விண்ணப்பித்த இடங்கள் பிறர்க்குச் சென்றன.

இனிச் சுவையான பகுதிக்கு வருகிறோம். 1892-இல் ஜாக் இனோடி என்னும் இளைஞர் பாரிசின் அறிவியல் கழகத்தின் முன் நிறுத்தப்பட்டார். இத்தாலியின் பியத்மாந்துப் பகுதியில் பிறந்து, ஆடு மேய்த்து வளர்ந்தவர். இருபது வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். மேடைகளில் பெரும் பெருக்கல் கணக்குகளை மனத்திலேயே போட்டுக் காட்டிப் பிழைத்தார். ஒருமுறை கேட்ட முப்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்களை வரிசை பிறழாமல் திருப்பிச் சொல்வார். நம்மில் பலரால் ஏழெட்டுக்கு மேல் இயலாது. நிகழ்ச்சி முடிந்தபின், அன்று மாலை முழுதும் கொடுக்கப்பட்ட எண்களைக்கூட ஒப்பிப்பார். சார்க்கோவும் கணித மேதை பாயின்காரேயும் இருந்த குழு ஆராய்ந்தது. அதில் சார்க்கோ பினேயையும் துணைக்கு அழைத்தார்.

இத்தகையவர் மனத்தில் எண்களைப் பலகையில் எழுதியதுபோல் பார்க்கிறார் என்பதே அந்நாள் வரை எல்லோரும் எண்ணியது. இனோடி அதனை மறுத்தார். அவர் எதையும் பார்ப்பதில்லை. எண்களைக் கேட்கிறார், அதுவும் தம் குரலிலேயே. எழுதிக் காட்டினால் அவருக்கு அது துணையன்று, இடையூறு. பினே அவரைச் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. காந்தம் கற்பித்த பாடம் அது. டியமாண்டி என்னும் கிரேக்கத் தானிய வணிகர் ஒருவர் கிடைத்தார், அவரும் பெருங்கணக்கர், ஆனால் எண்களைத் தம் கையெழுத்திலேயே கண்முன் காண்பதாகச் சொன்னவர். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து எண் என்று இருபத்தைந்து இலக்கங்களைச் சதுரமாக அமைத்து இருவருக்கும் கொடுத்தார் பினே. மனத்தில் ஏற்றிக்கொள்வதில் இனோடி விரைந்தார். டியமாண்டிக்கு அதனினும் பன்மடங்கு நேரம் பிடித்தது. பிறகு அவற்றை மேலிருந்து கீழாகவும், மூலைக்கு மூலையாகவும், நத்தைச் சுருள் போலவும் சொல்லச் சொன்னார். இப்போது டியமாண்டி முந்தினார். கேட்டு வைத்தவர் முழு வரியையும் உள்ளே ஓடவிட்டே வேண்டிய எண்ணைப் பிடிக்கவேண்டும். பார்த்து வைத்தவர் கண்ணைத் திருப்பினால் போதும். நினைவு ஒன்றன்று, பல என்று நூல்கள் சொன்னதை, இருவர் வாயிலிருந்து கைக்கடிகாரத்தை வைத்து அளந்து காட்டினார்.

இன்னொன்றும் செய்தார், அதனை எண்ணும்போதெல்லாம் எமக்குப் புன்முறுவல் தோன்றும். பாரிசின் பெரிய துணிக்கடையான பான் மார்ஷேயில் பல்லாண்டு பணம் வாங்கிக் கணக்கிட்ட காசாளர்களை அழைத்து இனோடியுடன் போட்டியிடச் செய்தார். சிறு பெருக்கல்களில் காசாளர் மேதைகளோடு சமமாக நின்றனர், முந்தவும் செய்தனர். எண்கள் நீண்டபோதே இனோடி வென்றார். அத்தனை இலக்கங்களை இடையில் நழுவவிடாமல் பிடித்து வைக்க அவரால் முடிந்தது, அவ்வளவே. இந்நகரின் அலுவலகங்களில் முப்பது ஆண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்ற நம் சங்கப் பெரியவர்கள் இதைப் படித்து வியப்படையமாட்டார்கள்.

இங்கே நம் நாட்டு அவதானக் கலை நினைவுக்கு வருதல் இயல்பு. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களை ஒரே அமர்வில் கவனத்தில் வைத்துச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். பாட்டுக்கு ஈற்றடி கேட்பார் ஒருவர், கணக்குக் கொடுப்பார் ஒருவர், முதுகில் நெல்லை எறிவார் ஒருவர், மணியடிப்பார் ஒருவர், எல்லாவற்றுக்கும் முடிவில் விடை வரும். அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள் அல்லவா? பாவலரும் இனோடியும் ஒருவரையொருவர் அறியார். இருவரும் 1950-ஆம் ஆண்டிலேயே காலமாயினர். பினே நம் அவதானியரைக் கண்டிருந்தால் குறிப்பேட்டை மூடியிருக்கமாட்டார் என்று மட்டும் துணிந்து சொல்வோம்.

கணக்கரை விட்டுச் சதுரங்கக்காரரிடம் சென்றார் பினே. பலகையைப் பாராமல், முதுகைத் திருப்பி அமர்ந்து, காய் நகர்த்தலை வாயால் சொல்லியே பல பேருடன் ஒருங்கே ஆடுவோர் அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றிருந்தனர். பிற்காலத்தில் நம் விசுவநாதன் ஆனந்தும் மான்டி கார்லோவில் அத்தகைய ஆட்டங்களை ஆடியவரே. டெய்ன் முன்னரே எழுதியிருந்தார்: அவர்கள் உள்ளத்தில் கண்ணாடியிற் போலப் பலகை முழுதும் தெரிகிறது என்று. பினேயும் அதனையே எதிர்பார்த்தார். சதுரங்க இதழ் வாயிலாகக் கேள்விகளை அனுப்பினார். பாரிசின் ஆட்டக்காரர்களை ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். ஜெர்மனியின் டாராஷ் போன்ற பெருவீரரும் விடை எழுதினர்.

விடைகள் கொள்கையைக் கவிழ்த்துவிட்டன. ஆட்டத்தில் இளையோர் சிலருக்கே கட்டங்களும் நிறமும் தெளிவாகத் தெரிந்தன. கைதேர்ந்தவர்க்குப் பலகையின் கறுப்பு வெள்ளை தெரிவதில்லை. குதிரையின் கழுத்தும் தெரிவதில்லை. காய் எந்த மரத்தால் ஆனது என்பதோ எந்த நாட்டு வேலைப்பாடு என்பதோ தோன்றுவதேயில்லை. அவர்கள் உணர்வது காய்களின் ஆற்றலை. கோணல் வழிச்செல்லும் மந்திரி அவர்களுக்கு உருவம் அன்று. பலகையைக் குறுக்கே கிழித்துச் செல்லும் ஒரு விசை. சிட்டன்பெல்ட் என்னும் ஆட்டக்காரரை அவர் மனத்தில் உள்ளதை வரையச் சொன்னபோது, காய்கள் இல்லை. கோடுகளும் அம்புக்குறிகளும் மட்டுமே தாளில் இருந்தன. ஆட்டத்தை அவர்கள் நினைவில் வைத்திருந்ததும் காய் காயாக அன்று. இன்ன நோக்கத்தால் இது நகர்ந்தது, ஆதலால் எதிரி அதை நகர்த்தினான் என்னும் காரணத் தொடராக. அறிவு, கற்பனை, நினைவு மூன்றும் சேர்ந்தே இவ்வாட்டம் நடைபெறுகிறது என்று 1894-இல் வெளியிட்ட நூலில் பினே முடிவு கூறினார். பொருள் புரிந்ததே நினைவில் நின்றது. புகைப்படம் என்று தேடிப் போனவர் பொருளைக் கண்டு திரும்பினார்.

இம்முடிவு அத்தோடு நின்றுவிடவில்லை. 1973-இல் அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் சேசும் சைமனும் இதனைச் சோதித்தனர். உண்மை ஆட்டத்தின் நிலையைச் சில வினாடி காட்டி மறைத்தால், வல்லவர் ஏறத்தாழ முழுதும் திருப்பி அடுக்கினார். புதியவரால் சில காய்களே இயன்றன. காய்களைப் பொருளின்றிச் சிதறி வைத்துக் காட்டினாலோ, வல்லவரின் மேன்மை பெரும்பாலும் மறைந்துவிட்டது. வல்லவரின் கண் நம் கண்ணினும் கூரியதன்று; அவர் கற்றது மிகுதி.

ஆங்கில அறிஞர் கால்டன் 1880-இல் வேறொரு வழியில் இதே கதவைத் தட்டியிருந்தார். காலையுணவு மேசையை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பலரைக் கேட்டார். சிலருக்கு வண்ணத்தோடு தெரிந்தது. அறிவியலார் பலருக்கோ ஒன்றும் தெரியவில்லை. மனக்கண் என்பதே அணிநயத்துக்காகச் சொல்வது என்று அவர்கள் எண்ணியிருந்தனர். இவ்வாறு மனப்படமே இன்றி வாழ்வோர்க்கு மருத்துவ நூலார் தனிப்பெயர் சூட்டியது 2015-இல்தான். அவர்களும் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர், ஓவியமும் தீட்டுகின்றனர்.

பினே மீண்டும் தம் மகளிரிடம் திரும்பினார். இப்போது அவர்கள் வளர்ந்த பெண்கள். நூலில் மார்கரீத், அர்மான்து என மாற்றுப் பெயர் கொடுத்தார். நூற்றுக்கணக்கான சொற்களை அவர்கள் மனம்போனபடி எழுதினர். ஒரு பொருளைக் காட்டி வருணிக்கச் சொன்னார். ஒரு சொல்லைக் கூறி, என்ன எண்ணினாய், என்ன தோன்றிற்று என்று கேட்டார். மூத்தவள் கண்முன் உள்ளதை ஒழுங்காக எண்ணிச் சொல்பவள். இளையவள் அதே பொருளைப் பார்த்துவிட்டு எங்கோ கற்பனையில் சென்றுவிடுவாள். முதன்மையானது இதுவே: பல எண்ணங்கள் படமே இல்லாமல் வந்தன, வந்த படங்களும் எண்ணத்திற்குப் பொருந்தாத துணுக்குகளாகவே இருந்தன. எண்ணம் விரைந்து ஓடியது. படம் பின்னே நொண்டியது. 1886-இல் எண்ணமே படம் என்று நூல் எழுதியவர், 1903-இல் அப்படி அன்று என்று மற்றொரு நூல் எழுதினார். தம் முதல் நூலைத் தம் கையாலேயே மறுப்பது எளிய செயலா? அதுவும் சான்றாக நிறுத்தப்பட்டவர் தம் வீட்டுப் பெண்கள் இருவர்!

பள்ளிப் பிள்ளைகளிடமும் அவர் இதனையே கண்டார். விக்தர் ஆன்ரி என்பாரோடு பாரிசுப் பள்ளிகளில் வாக்கியங்களைப் படித்துக் காட்டி எழுதச் சொன்னபோது, பிள்ளைகள் சொல்லை மறந்தாலும் கருத்தை விடவில்லை. அரிய சொல்லின் இடத்தில் தமக்குப் பழகிய சொல்லை வைத்தனர். 1900-இல் வெளிவந்த நூலில் வேறொன்றைக் காட்டினார். ஓர் அட்டையில் நாணயம், அஞ்சல் தலை, பொத்தான் முதலியவற்றை ஒட்டிச் சிறிது நேரம் காட்டி மறைத்தபின், தாமாக எழுதிய பிள்ளைகள் குறைவாகவே தவறினர். பொத்தானைக் கட்டியிருந்த நூலின் நிறம் என்ன என்பது போல் வலிந்து கேட்டபோது, இல்லாத நூலுக்கும் நிறம் சொன்னார்கள். வழக்குமன்றத்தில் குழந்தையின் சாட்சி எவ்வாறு கெடுகிறது என்பதற்கு இது விளக்கமாயிற்று. சல்பெத்ரியேரின் காந்தம் இங்கே ஒரு பொத்தானாக மீண்டும் வந்தது. இம்முறை ஏமாந்தவர் பினே அல்லர்.

1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. கட்டாயக் கல்வி வந்துவிட்டமையால் எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தனர். பாடத்தைத் தொடர இயலாத குழந்தைகளைத் தனி வகுப்பில் சேர்க்கவேண்டும் என்றனர். எவரைச் சேர்ப்பது? ஆசிரியருக்குப் பிடிக்காதவனையா, குறும்பனையா, காது கேளாதவனையா? ஒருவர் மந்தம் என்ற குழந்தையை மற்றொருவர் சரி என்றார். சிமோன் என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து பினே 1905-இல் முப்பது சிறு சோதனைகளை வகுத்தார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வதில் தொடங்கி, நுண்பொருட் சொற்களின் வேற்றுமை கூறுவதில் முடியும் வரிசை அது. அதனுள் அவருடைய பழைய ஆய்வுகள் எல்லாம் மறைந்து நிற்கின்றன: எண்களைத் திருப்பிச் சொல்லுதல், கண்ட படங்களை நினைவுகூர்தல், பார்த்த உருவத்தை மறைத்தபின் வரைதல், கடிகாரத்தின் இரு முட்களையும் மனத்திலேயே இடம் மாற்றி மணி சொல்லுதல், மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படி இருக்கும் என வரைதல். 1908-இல் வயதுக்கேற்ப வரிசைப்படுத்தினார். 1911-இல் மீண்டும் திருத்தினார்.

இச்சோதனை ஒரு குழந்தையின் தலையெழுத்தைச் சொல்லும் என்று அவர் கருதவில்லை. இதை அழுத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அது அன்றைய நிலையை மட்டும் காட்டுவது. பிரசல்சு நகரின் வசதி மிக்க தனியார் பள்ளிக் குழந்தைகள் தம் வயதுக்கு ஓராண்டுக்கும் மேலாக முந்தி நின்றதாக 1910-இல் செய்தி வந்தபோது, வீட்டுப் பேச்சும் சொல்வளமும் சில வினாக்களுக்குத் துணை செய்தன என்பதை அவர் ஏற்று ஆராய்ந்தார். அறிவு மாறாதது, கூட்ட முடியாதது என்போரை 1909-இல் எழுதிய நூலில் வன்மையாக எதிர்த்தார். எதிர்த்ததோடு நில்லாமல் தனி வகுப்புகளில் மனப்பயிற்சி நடத்தினார். சிலைபோல் அசையாமல் நிற்றல். நிரம்பிய கிண்ணத்தைச் சிந்தாமல் எடுத்துச் செல்லுதல். அட்டையில் ஒட்டிய பொருள்களைச் சில வினாடி பார்த்து நினைவிலிருந்து சொல்லுதல். வகுப்பைப் பார்வையிட வந்த சட்டமன்றத்தார் சிலர் தாங்களும் முயல விரும்பினர். மந்தம் என ஒதுக்கப்பட்ட அச்சிறாரிடம் அவர்கள் தோற்றனர். சிறார் பழகியிருந்தார்கள், பெரியவர்கள் பழகவில்லை.

மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், வீட்டில் கேளாத மொழியில் நடக்கும் வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருந்த குழந்தையை மந்தம் என்று எழுதி அனுப்பிய கடிதம் நம் காலனியில் ஒன்றிரண்டு வீடுகளிலேனும் இருக்கும். எம் இல்லத்திலும் ஒன்று உண்டு. பள்ளியின் பெயர் வேண்டா. அக்கடிதத்தைப் பெற்ற குழந்தை இன்று வேறு ஊரில் பொறியாளர்.

பினே 1911 அக்டோபர் 18-ஆம் நாள் பாரிசில் மூளை நரம்பு அடைப்பால் காலமானார். வயது ஐம்பத்து நான்கு. நாடகங்களும் எழுதியவர் அவர். அச்சமூட்டும் நாடகங்களுக்குப் பெயர் போன கிராண் கினோல் அரங்குக்காக ஆந்திரே தெ லோர்துடன் சேர்ந்து எழுதினார் என்றால் நம்புவது அரிது. பிணத்தைத் தொட்ட சிறுவனை இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

அவருக்குப் பின் நிகழ்ந்தது வேறு கதை. 1912-இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுத்து ஓர் எண்ணாக்கினார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அதனை நூறால் பெருக்கி எங்கும் பரப்பினார். அதற்குச் சற்று முன்னரே, நியூயார்க்குத் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், பன்னாள் கடற்பயணத்தால் களைத்து வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் காடார்டு என்பார் இச்சோதனையை நடத்தினார். சோதிக்கப்பட்டவரில் பெரும்பாலோர் அறிவு குறைந்தவர் என்று 1917-இல் வெளியிட்டார். சோதிக்கப்பட்டவர்கள் மொழி தெரியாதவர்கள். சிலர் எழுதுகோலையே பிடித்தறியாதவர்கள். 1928-இல் காடார்டு தம் பழைய கொள்கைகளிலிருந்து பெரிதும் பின்வாங்கினார். சிமோன் 1961 வரை வாழ்ந்தார். ஒற்றை எண்ணாக்கியது சோதனையின் நோக்கத்துக்கே இரண்டகம் என்பது அவர் கருத்து.

நம் நாட்டில் 1922-இல் லாகூரில் ரைஸ் என்பார் இந்துஸ்தானியில் இதனை அமைத்தார். வி. வி. காமத், கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி, 1940-இல் நூல் வெளியிட்டார். குழந்தை பேசும் மொழியிலேயே கேட்கவேண்டும் என்பது இவ்விருவரும் எடுத்துக்கொண்ட உழைப்பின் காரணம்.

தொடக்கத்தில் சொன்ன வீடுகளுக்குத் திரும்புவோம். குழந்தைகளைக் கண் வகை, காது வகை எனப் பிரித்துத் தனித்தனியே கற்பித்தால் நன்மை உண்டா என்று 2008-இல் அமெரிக்க உளநூலார் சிலர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். போதிய சான்று கிடைக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது, மீண்டும் மீண்டும் படிப்பதினும் நெடுநாள் நிற்கிறது என்பதற்குச் சான்று நிரம்ப உண்டு. எழுதிப் பாராத படிப்பு படிப்பன்று என்ற பெரியவர் இதைக் கேட்டால் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

பினேயின் கடிகார வினாவை விழாக் குழுவின் கூட்டம் ஒன்றில் நாம் முயன்று பார்த்தோம். மணி ஆறு இருபது. தாளில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தலும் கூடாது. இரண்டு முட்களையும் இடம் மாற்றினால் என்ன மணி? பொருளாளருக்குக் கடிகாரம் தெளிவாகத் தோன்றிற்று; முட்கள் நகர்வதையும் பார்த்ததாகச் சொன்னார். செயலாளருக்கு ஒன்றும் தோன்றவில்லை, எண்ணிச் சொன்னார். இருவர் விடையும் ஒன்றாகவே இருந்தது.